பெயர் தெரியாத இரும்பு: ஒரு பழைய துப்பாக்கிப் பட்டறையைப் படிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்ன கேள்வி. உங்கள் கையில் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். ஒரு பக்கம் வட்டமான விளிம்பு. அந்த விளிம்பில் இரண்டு வெட்டு: ஒன்று ஆழமானது, இன்னொன்று ஆழம் குறைந்தது. நடுவிலிருந்து ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் முனை மட்டும் சதுரம். பெயர் கிடையாது, பார்ட் நம்பர் கிடையாது. இது என்ன?

"ஏதோ கேம் மாதிரி இருக்கு" என்று சொன்னீர்களா? பாதி மார்க். மீதி பாதிக்கு இந்தக் கட்டுரையை முழுசா படிக்கணும்.

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஒரு துப்பாக்கியையும் நான் கையில் எடுத்தது கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. இந்த ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு.

என் தாத்தா பஸ் டிப்போ ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய டூல்ஸ் பெட்டி பரணில் கிடந்தது. நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அப்பா பெட்டியை என் முன்னால் வைத்து, "நீதானே மெக்கானிக்கல் படிக்கிற, எது வேணும்னு பார்த்து எடுத்துக்கோ" என்றார். ஸ்பேனர், சுத்தியல், வெர்னியர் எல்லாம் எடுத்து வைத்தேன். பெரிய 'சி' வடிவத்தில், ஒரு முனை கவட்டை மாதிரி பிளந்த ஒன்று இருந்தது. என்னவென்று தெரியவில்லை. "இது ஏதோ உடைஞ்ச கிளாம்ப்பு" என்று நானே தூக்கிப் பழைய இரும்புக்காரர் தராசில் போட்டேன். தேர்ட் இயரில் எஞ்சின் லேபில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். வால்வ் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி. தாத்தா வைத்திருந்ததில் கவட்டை முனை இரண்டும் கிரைண்டரில் தேய்த்து மெல்லிசாக்கி இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏதோ ஒரு எஞ்சினுக்குப் பொருந்த வேண்டும் என்று அவரே கையால் செய்த வேலை. கடையில் கிடைக்காது. கிலோ கணக்கில் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் "தெரியாத பொருளை அடையாளம் காண்பது எப்படி" என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்த சிறந்த பாடப்புத்தகம் பழைய துப்பாக்கிப் பட்டறைதான். 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், அமெரிக்காவின் வர்ஜீனியா போன்ற இடங்களில் இருந்த பட்டறைகள். ஒரே கூரையின் கீழ் ஸ்பிரிங், கேம், ஸ்க்ரூ, காஸ்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட் எல்லாம். நம்ம நாலு வருஷ சிலபஸில் முக்கால்வாசி அங்கே இருக்கிறது.

அடையாளம் காணும் முன்: நான்கு விதிகள்

விதி 1: சுத்தம் செய்யாதே. துருவைப் பார்த்ததும் வயர் பிரஷ் எடுக்கத் தோன்றும். வேண்டாம். எழுத்து, முத்திரை, அரம் போட்ட கோடு எல்லாம் அந்த மேல்தோலில்தான் இருக்கும். தேய்த்தால் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

விதி 2: எங்கே பளபளப்பு என்று பார். ஒரு பொருள் முழுக்கத் துருப்பிடித்து ஓர் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால், அங்கேதான் இன்னொரு பாகம் உரசியிருக்கிறது, அல்லது மனிதக் கை பட்டிருக்கிறது. பெயரைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள்.

விதி 3: பொருள் என்ன? காந்தம் ஒட்டுகிறதா? ஒட்டவில்லை என்றால் பித்தளையாக இருக்கலாம். ஒட்டினால், வளைத்தால் திரும்பி வரும் வடிவமா (ஸ்பிரிங்), அடி தாங்கும் வடிவமா என்று யோசியுங்கள்.

விதி 4: ஜோடி எது? எந்த பாகமும் தனியாக வேலை செய்யாது. மறை இருந்தால் அது எங்கேயோ ஏறும். சதுர முனை இருந்தால் எங்கேயோ ஒரு சதுர ஓட்டை காத்திருக்கும்.

முதலில் முழு மெஷினையும் தெரிந்துகொள்வோம்

பாகங்களை அடையாளம் காண, அவை சேர்ந்த மெஷின் தெரிய வேண்டும். சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய துப்பாக்கியில் மூன்று பெரிய பகுதிகள்: சுடும் விசை அமைப்பான லாக், மரக்கட்டையான ஸ்டாக், குழலான பேரல். ஸ்கூலில் "லாக், ஸ்டாக் அண்ட் பேரல்" என்று இடியம் மனப்பாடம் செய்தோமே, "மொத்தமாக" என்று அர்த்தம் எழுதி ஒரு மார்க் வாங்கினோமே, அது இதுதான். எனக்கு இது தெரிய 20 வயசு ஆனது.

லாக் வேலை செய்யும் விதம் இப்படி. கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் கை ஒன்று வெளியே இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கும் 'வி' வடிவ ஸ்பிரிங் அமுங்கும். ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்தும். விசையை இழுத்தால் கொக்கி விலகும், கை முன்னால் பாயும், கல் ஓர் எஃகுத் தகட்டை உரசும். பொறி கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்து மருந்து பற்றி, குழலின் பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டை வழியாக உள்ளே தீ போகும். கிண்ணத்தில் மட்டும் பற்றி உள்ளே போகவில்லை என்றால்? "ஃப்ளாஷ் இன் த பேன்". இன்னொரு இடியத்துக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

கல்லைப் பிடிக்கும் அந்தக் கைக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் சேவல் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது நாய். இந்தியில் குதிரை, பழைய தமிழிலும் துப்பாக்கிக் குதிரைதான். ஒரே பாகம், ஊருக்கு ஒரு மிருகம். இதிலிருந்து ஒரு பாடம்: பெயர் ஊருக்கு ஊர் மாறும், வேலை மாறாது. அதனால் வேலையைப் பிடியுங்கள்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம்.

பொருள் 1: இரண்டு வெட்டு உள்ள வட்டம்

ஆரம்பத்தில் கேட்டது. இதற்குப் பெயர் டம்ப்ளர். சதுர முனை லாக் தகட்டைத் தாண்டி வெளியே வந்து, குதிரையின் சதுர ஓட்டையில் உட்காரும். ஏன் சதுரம்? வட்டமாக இருந்தால் டார்க் வரும்போது வழுக்கும். நாம் ஷாஃப்டில் கீ போடுகிற அதே காரணம்.

இரண்டு வெட்டு ஏன்? ஆழமான வெட்டில் கொக்கி விழுந்தால் விசையை இழுத்தாலும் வெளியே வராது. அது பாதுகாப்பு நிலை, 'ஹாஃப் காக்'. ஆழம் குறைந்த வெட்டு சுடும் நிலை. பாதுகாப்பு வெட்டின் விளிம்பு தேய்ந்துபோனால்? அரைநிலையிலேயே துப்பாக்கி வெடிக்கும். ஆகவே பட்டறையில் பழைய டம்ப்ளர் தனியாகக் கிடந்தால் முதலில் அந்த விளிம்பைப் பாருங்கள். மழுங்கி இருந்தால் கழற்றிப் போட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வெட்டே இல்லாமல் இருந்தால் அது உடைந்த பாகம் இல்லை, இன்னும் முடிக்காத பாகம்.

பொருள் 2: விரல் நீளத்தில் வினோதமான கிளாம்ப்

ஒரு பக்கம் கொக்கி போன்ற தாடை, இன்னொரு பக்கம் நகரும் கட்டை, நடுவில் கையால் திருகும் ஸ்க்ரூ. பார்க்க மரவேலை கிளாம்ப் மாதிரி. ஆனால் தாடை ரொம்பக் குறுகலானது, மரத்தைப் பிடிக்க உதவாது. எதைப் பிடிக்கும்? அமுங்கிய நிலையில் இருக்கும் அந்த 'வி' ஸ்பிரிங்கை. அதை அப்படியே அமுக்கிப் பிடித்தால்தான் லாக்கிலிருந்து பத்திரமாகக் கழற்ற முடியும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஸ்பிரிங் பறக்கும், அல்லது உடையும்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தாத்தாவின் கவட்டைக் கிளாம்ப்பும் இதுவும் அண்ணன் தம்பி. ஒன்று பஸ் எஞ்சினுக்கு, ஒன்று சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு. நடுவில் இருநூறு வருஷம். "ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடி" என்ற தேவை ஒன்றுதான், அதனால் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விதி 4 அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கவட்டைக்கு ஜோடி எது என்றாவது கேட்டிருப்பேன்.

பொருள் 3: 'எல்' வடிவத் தகடு, முகத்தில் கீறல்கள்

ஒரு முகம் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். துரு அல்ல, வேலை செய்த தழும்பு. இதுதான் கல் உரசும் எஃகு முகம், பெயர் ஃப்ரிஸன்.

இங்கே ஒரு தவறான நினைப்பைத் திருத்த வேண்டும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. எஃகிலிருந்து வருகிறது. கூரான கல் எஃகைச் சுரண்டும், சுரண்டிய துகள் அந்தச் சூட்டில் காற்றோடு சேர்ந்து எரியும். கிரைண்டிங் வீலில் பறக்கும் பொறியும் அதே கதைதான்.

அப்படியானால் முகம் கடினமாக இருக்க வேண்டும். மென்மையான இரும்பாக இருந்தால் கல் ஆழமாகக் குத்தி இழுக்குமே தவிர நல்ல பொறி வராது. ஆனால் முழுப் பாகமும் கடினமாக இருந்தால் அடி தாங்காமல் உடையும். தீர்வு? எலும்புக்கரி, தோல்கரியோடு பெட்டியில் அடைத்து மணிக்கணக்கில் சூடாக்கித் தண்ணீரில் குளிர்விப்பது. மேல்தோலில் கார்பன் ஏறி கடினமாகும், உள்ளே மென்மையாகவே இருக்கும். மெட்டலர்ஜி பேப்பரில் 'பேக் கார்புரைசிங்' என்று எழுதுகிறோமே, அதுதான். சில ஃப்ரிஸன்களின் முகத்தில் தனியாக ஓர் எஃகுத் தகட்டைப் பொருத்தி இருப்பார்கள். தேய்ந்த பழையதற்கு மறுவாழ்வு.

பொருள் 4: பாக்குவெட்டி போல ஒன்று, தாடையில் குழி

இரண்டு கைப்பிடி, நடுவில் கீல். தாடைகள் மூடும்போது உள்ளே ஓர் உருண்டை இடம். மேலே சின்ன ஓட்டை. இது ஈயக் குண்டு வார்க்கும் அச்சு. உருக்கிய ஈயத்தை ஓட்டை வழியாக ஊற்றி, ஆறியதும் திறந்தால் குண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் வெட்டும் விளிம்பு இருந்தால், குண்டின் மேல் நிற்கும் ஈயக் காம்பை நறுக்குவதற்கு.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு? இங்கேதான் அளவு பேசும்.

அந்தக் காலத்தில் குழல் அளவை அங்குலத்தில் சொல்வதைவிட எண்ணிக்கையில் சொன்னார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில், அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வரும்? 12 வந்தால் அது 12 போர். எண் கூடினால் குழல் சிறியது. தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், கணக்குப் போட்டால் தெளியும்:

ஒரு பவுண்டு = 453.6 கிராம்.
12ஆல் வகுத்தால் ஒரு குண்டு = 37.8 கிராம்.
ஈயத்தின் அடர்த்தி = ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம்.
கன அளவு = 37.8 ÷ 11.34 = 3.33 கன செ.மீ.
கோளத்தின் கன அளவு = (π ÷ 6) × விட்டத்தின் கனம். ஆக விட்டம் ≈ 1.853 செ.மீ., அதாவது 18.5 மி.மீ.

இன்றைக்கும் 12 போர் குழலின் பெயரளவு உள்விட்டம் 0.729 அங்குலம், அதே 18.5 மி.மீ. ஒரு தராசும் ஈயமும் மட்டும் இருந்த காலத்தில் செய்த அளவு முறை இன்னும் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. அச்சின் குழி விட்டமும் குழல் விட்டமும் ஒன்றாக இருக்காது. பிரிட்டிஷ் ராணுவத்தின் 'பிரவுன் பெஸ்' மஸ்கட்டின் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். கருமருந்துப் புகைக்கரி குழலில் படியும், அப்போதும் குண்டு சீக்கிரமாக உள்ளே இறங்க வேண்டும். அதற்காக விட்ட இடைவெளி. நம்ம பாஷையில் கிளியரன்ஸ் ஃபிட்.

பொருள் 5: இரட்டைச் சுருள் கம்பி

பின்புறம் மறை, முன்புறம் இரண்டு கம்பி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு முறுக்கு போல இருக்கும். ஒயின் பாட்டில் திறப்பான் என்று நினைத்துவிடுவார்கள். குழலின் உள்ளே சிக்கிய துணி, காகித அடைப்பை இழுத்து எடுக்கும் 'வார்ம்' இது. மறை ஏறுவது நீளமான குச்சியின் முனையில். இரட்டைச் சுருளுக்குப் பதிலாக ஒற்றைக் கூர் திருகாணி இருந்தால், அது ஈயக் குண்டிலேயே ஏறி அதை வெளியே இழுப்பதற்கு.

பொருள் 6: 'டி' சாவி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் வாங்கிய காப்புரிமையிலிருந்து கல்லின் காலம் முடியத் தொடங்கியது. தட்டினாலே வெடிக்கும் ரசாயனம் வந்தது. பிறகு அது சின்னச் செம்புத் தொப்பிக்குள் போனது. அந்தத் தொப்பி உட்காரும் துளையுள்ள முளைதான் நிப்பிள். அடிக்கடி அரித்துப் போகும், மாற்ற வேண்டும். 'டி' சாவியின் முனையில் சதுர ஓட்டையோ பிளவோ இருந்தால் அது நிப்பிள் கழற்றும் சாவி. பெட்டியில் இது இருந்தால் பட்டறை கல் காலத்தைத் தாண்டியும் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு டூல், ஒரு காலக்கணக்கு.

பொருள் 7: மேஜையில் மாட்டும் கைச்சுற்று இயந்திரம்

எல்லோரும் தோற்கும் இடம் இது. மேஜை விளிம்பில் இறுக்கும் கிளாம்ப், கைப்பிடி, சுழலும் குழிவான முனை. சமையலறைப் பொருள் என்று அடித்துச் சொல்வார்கள். குழிவுக்குள் பார்த்தால் சின்ன முளைகள் இருக்கும். மருந்தும் சிறு குண்டுகளும் நிரப்பிய காகிதத் தோட்டாவின் வாயை, சுழற்றிச் சுழற்றி உள்பக்கமாக மடித்து மூடும் கருவி. இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிய வேட்டைக்காரர் காலம்.

பொருள் 8: திருகு பள்ளம் வெட்டிய நீள மரம்

எனக்குப் பிடித்தது இதுதான். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நீளமான மர உருளை. மேலே மெதுவாகச் சுற்றிப்போகும் பள்ளங்கள். அலங்காரத் தூண் என்று விற்றுவிடுவார்கள்.

அமெரிக்கப் பட்டறைகளில் ரைஃபிள் குழலுக்குள் சுழல் பள்ளம் வெட்ட வழிகாட்டியாக இருந்தது இது. மரத்தைத் தள்ளி இழுக்கும்போது அதன் பள்ளம் ஒரு நிலையான பல்லில் ஓடும், அதனால் மரம் சுழன்றுகொண்டே நகரும். முனையில் உள்ள கம்பியில் ஒரு சின்ன வெட்டுப்பல். மரம் எப்படிச் சுழல்கிறதோ, அப்படியே குழலுக்குள் பள்ளம் விழும். ஆழம் கூட்ட வேண்டுமா? பல்லுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். அவ்வளவுதான் அவர்களுடைய ஃபீட். லேத்தின் லீட் ஸ்க்ரூ தெரியுமல்லவா? அதே தத்துவம், மரத்தில். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இந்த முறையில் ஒரு ரைஃபிளை முழுக்கக் கையாலேயே செய்து காட்டினார் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர், 1960களில் அதைப் படமாகவும் எடுத்தார்கள்.

முத்திரைகள்: இரும்பின் ஆதார் கார்டு

குழல் கிடைத்தால் அடிப்பக்கம் பாருங்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. வேலை ஒன்றுதான்: வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பது. குழல் தாங்கினால் முத்திரை. பர்மிங்ஹாம் என்றால் கிரீடத்தின் கீழ் குறுக்கே இரண்டு செங்கோல். பெல்ஜியத்தின் லியேஜ் என்றால் முட்டை வடிவத்துக்குள் 'ஈ, எல், ஜி' என்ற எழுத்துகள். இன்று நாம் பிரஷர் வெசலுக்குச் செய்யும் ப்ரூஃப் டெஸ்ட்டின் தாத்தா இது.

சின்னப் பாகங்களில் அரத்தால் இட்ட ஒன்று, இரண்டு, மூன்று கோடுகள் இருக்கும். ஸ்க்ரூவின் தலையில்கூட இருக்கும். அலங்காரம் இல்லை. "நான் இந்த லாக்கைச் சேர்ந்தவன்" என்ற குறி. ஏனென்றால் ஒரு லாக்கின் ஸ்க்ரூ அடுத்த லாக்கில் ஏறாது. விட்வொர்த் மறை அளவுகளை ஒழுங்குபடுத்தும் யோசனையை முன்வைத்ததே 1841இல்தான். அதுவரை பட்டறைக்குப் பட்டறை தனி மறை.

இந்தப் பாகங்கள் மர்மமாக இருப்பதற்கே இதுதான் காரணம். ஒவ்வொன்றும் கையால் அரம் போட்டுப் பொருத்தியது. 1785இல் ஓனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் லாக் பாகங்களைக் குவியலாக வைத்தார். அதைப் பார்க்கப் போன தாமஸ் ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துப் பல லாக்குகளைச் சேர்த்துப் பார்த்தார், பொருந்தியது. எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்பது அன்று அதிசயம். பிறகு அமெரிக்க ஆயுதச் சாலைகளில் அது வழக்கமாகி, 1850களில் இங்கிலாந்தின் என்ஃபீல்டே அமெரிக்க இயந்திரங்களை வாங்கியது. நாம் படிக்கும் லிமிட்ஸ், ஃபிட்ஸ், கேஜ் எல்லாம் இந்த வழியில் வளர்ந்து வந்தவை.

கட்டாயம் படிக்க வேண்டிய பத்தி

ஆர்வம் வேறு, ஆபத்து வேறு. பழைய கருமருந்து காய்ந்த நிலையில் எத்தனை வருஷம் ஆனாலும் பற்றும். செம்புத் தொப்பிகள் தட்டினால் வெடிக்கும். வாய்வழி மருந்து நிரப்பும் பழைய துப்பாக்கி பல தலைமுறையாகச் சுவரில் தொங்கினாலும் உள்ளே நிரப்பியே இருக்கலாம். அதனால் எதையும் சூடாக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, வெல்டிங் பக்கம் கொண்டு போகவே கூடாது.

இன்னொன்று சட்டம். இந்தியாவில் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஏதாவது கிடைத்தால் கழற்றிப் பார்க்காதீர்கள், விற்காதீர்கள், ஹாஸ்டலுக்குக் கொண்டு வராதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனில் தெரிவியுங்கள்.

உங்களுக்கு ஹோம்வொர்க்

கணக்கு: ஓர் அச்சில் வார்த்த ஈய உருண்டையின் விட்டம் 16.8 மி.மீ. ஒரு பவுண்டுக்கு எத்தனை உருண்டை வரும்? (விடை ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வரும்.)

அடுத்தது கணக்கு இல்லை. துப்பாக்கிப் பட்டறை நமக்குத் தேவையில்லை. இந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தா, பெரியப்பா, பக்கத்துத் தெரு லேத்துக்காரர், தையல்காரர், யாராக இருந்தாலும் சரி, அவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தெரியாத ஒன்றை எடுத்து, "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இதை வச்சு என்ன பண்ணுவீங்க, பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஃபோனில் வீடியோ எடுங்கள். ஒரு அட்டையில் பெயர், வேலை, யார் செய்தது என்று எழுதி அந்த டூலிலேயே நூலால் கட்டிவிடுங்கள்.

பர்மிங்ஹாம் பட்டறைப் பொருள்களுக்குப் புத்தகம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. தாத்தாவின் கவட்டைக் கிளாம்ப்புக்கு அவர் மட்டும்தான் இருந்தார். அது எந்த எஞ்சினுக்காகத் தேய்த்தது என்று இப்போது யாரிடம் கேட்டாலும் தெரியாது.